குடித்துவிட்டுக் கேட்பவள்

அவள் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் மதுரையில் பாதிப் பேருக்கு அடையாளம் தெரிந்துவிடும். "அட, அந்தப் புள்ளையா?" என்று ஆரம்பித்து, அவளைப் பற்றி எனக்கே தெரியாத நாலு நல்ல விஷயங்களைச் சொல்வார்கள். அதைக் கேட்கும் பொறுமை எனக்கு இல்லை. என் சொந்த அம்மாவிடம் கேட்டே அலுத்துவிட்டது.

ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே மேசையின் இரண்டு முனைகளில் வேலை பார்த்தோம். தண்ணீரிலும் சாப்பாட்டிலும் கெட்ட கிருமி இருக்கிறதா என்று இருந்த இடத்திலேயே சொல்லிவிடும் ஒரு சின்னப் பெட்டியைச் செய்வதுதான் வேலை. பெட்டி என்றால் டிபன் பாக்ஸ் அளவுதான். அதில் செருகுவதற்கு விரல் நீளத்தில் ஒரு பட்டை. தண்ணீரை ஊசிக்குழாயால் வடிகட்டி, தங்கியதை அந்தப் பட்டையில் சொட்டுவிட்டுச் செருகினால் இருபது நிமிஷத்தில் பச்சை விளக்கோ சிவப்பு விளக்கோ எரியும். சிவப்பு என்றால் சாக்கடை எங்கேயோ கலந்திருக்கிறது என்று அர்த்தம். வழக்கம்போலக் கிருமியைக் கண்ணாடித் தட்டில் வளர்த்துப் பார்ப்பதென்றால் மறுநாள்தான் தெரியும். அதற்குள் ஊரே குடித்து முடித்திருக்கும்.

அந்தப் பட்டை என்னுடையது. கிருமியை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ளும் புரதத்தை அதன்மேல் ஒட்டவைக்க வேண்டும். அது சித்திரை வெயிலில் ஸ்கூட்டி டிக்கியில் கிடந்தாலும் உதிர்ந்துவிடக் கூடாது. அதற்காக நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவளுக்கு வெளிவேலை. கடை கடையாக, வீடு வீடாகப் போய்த் தண்ணீர் பிடித்து வர வேண்டும். பெட்டி சொல்வதும் தட்டு சொல்வதும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். நான் உள்ளே உட்கார்ந்து பெட்டியைச் செய்தேன். ஊர் அதை "அந்தப் புள்ளையோட பெட்டி" என்றது.

அவளுடைய வழக்கம் ஒன்றே ஒன்று. எந்தக் கடைக்குப் போனாலும், எந்த வீட்டு வாசலில் நின்றாலும், பெட்டியைப் பற்றி வாயைத் திறக்க மாட்டாள்.

"அண்ணே, தாகமா இருக்கு. குடிக்க ஒரு சொம்பு தண்ணி குடுங்க."

கொடுப்பார்கள். அண்ணாந்து ஒரே மூச்சில் குடிப்பாள். ஒரு சொட்டு வெளியே சிந்தாது. வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, "நல்லாருக்குண்ணே" என்று சொம்பைத் திருப்பிக் கொடுப்பாள். அதற்குப் பிறகுதான் பையைத் திறப்பாள். "இதே தண்ணியில எனக்கு இன்னொரு பாட்டில் வேணுமே."

விவரம் தெரியாமல் குடித்தாள் என்றால்கூட மன்னித்திருப்பேன். தண்ணீரில் என்னென்ன இருக்கும், அது குடலுக்குள் போய் என்ன செய்யும் என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அவளுக்கும் தெரியும். பரீட்சையில் என்னைவிட நாலு மார்க் கூட வாங்கியவள் அவள்.

அவள் இல்லாத ஒரு நாள் நான் தனியாகத் தண்ணீர் பிடிக்கப் போனேன். கல்லூரி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பேராசிரியர் கொடுத்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு ஹோட்டலில் ஏறினேன். "ஓனர் வெளியூர் போயிருக்காரும்மா" என்றார் கல்லாவில் இருந்தவர். ஓனரே அவர்தான்; அவர் தலைக்கு மேலேயே அவருடைய படம் மாலை போட்ட அப்பா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தது. அடுத்த கடையில் தண்ணீரே இல்லை என்றார்கள். அதற்கடுத்த கடையில் ஷட்டரை இறக்கினார்கள்.

அதே வாரம் வில்லாபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு அவளோடு போனேன். நான் வாசலில் மேனேஜரிடம் கடிதத்தை நீட்டிக்கொண்டிருந்தேன். அவள் பின்பக்கமாகச் சமையல்கட்டுக்குப் போய்த் தண்ணீர் கேட்டுக் குடித்தாள். நான் போய்ப் பார்த்தபோது தலைமைச் சமையல்காரர் அவளை மாடிக்கே கூட்டிப் போய்த் தொட்டி மூடியைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார்.

"பாரு தாயி, பல்லி செத்து மெதக்குது. மண்டபத்துக்காரன்ட்ட எம்புட்டோ சொல்லிட்டேன், காதுலயே வாங்க மாட்டேங்குறான். நீயாச்சும் எடுத்துச் சொல்லு."

இவள் குடித்தது அந்தத் தொட்டித் தண்ணீர்தான். முகத்தில் ஒரு சுளிப்பு வரவேண்டுமே! "சொல்றேண்ணே, நீங்க கவலப்படாதீங்க" என்று அவர் தோளைத் தட்டினாள். எனக்குக் குமட்டியது. குமட்டலோடு வயிறும் எரிந்தது. எது முதலில் வந்தது என்று இப்போது சொல்ல முடியவில்லை.

பேராசிரியருக்கு இது தெரிந்ததும் வைதார். "நீ மைக்ரோபயாலஜி படிச்ச பொண்ணுதானா? நம்ம பெட்டி இருபது நிமிஷத்துல சொல்லிரும். அதுவரைக்கும் பொறுக்க முடியாதா?"

"பொறுக்கலாம் சார். ஆனா சொம்ப நீட்டுறவங்க இருபது நிமிஷம் நீட்டிக்கிட்டே நிப்பாங்களா?"

சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவளைத் திட்ட ஆரம்பிப்பவர்கள் எல்லோரும் கடைசியில் ஏதாவது ஒன்றைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

குறை இல்லாதவள் இல்லை. மாதிரிப் பாட்டில்களில் எண் எழுத வேண்டும் என்பது விதி. அவள் ஆளை எழுதுவாள். 'கோவக்கார அண்ணன்', 'பேரன் பொறந்த வீடு', 'மூட்டுவலி டீச்சர்', 'காலேஜ் கேட்டுக்கு எதுத்தாப்ல, கடன் குடுக்க மாட்டாரு'. குளிர்பெட்டியைத் திறந்தால் ஒரு தெருவே உட்கார்ந்திருக்கும். அதையெல்லாம் எண்ணாக மாற்றுவது என் தலையில் விழுந்தது. கோவக்கார அண்ணன் என்றதும் எந்தக் கடை, எந்தக் குழாய் என்று அவளுக்குச் சட்டென்று நினைவுக்கு வரும். எனக்கு என் எண்களில் ஒன்றுகூட நினைவில் நிற்காது.

ஒரு பத்திரிகையில் பெட்டியைப் பற்றிச் செய்தி வந்தது. படத்தில் அவள் பெட்டியைக் கையில் ஏந்திச் சிரிக்கிறாள். ஓரத்தில் ஒரு முழங்கை தெரிகிறது. அது என்னுடையது. அம்மா அந்தப் பக்கத்தைக் கத்தரித்து ஃப்ரிட்ஜில் ஒட்டினாள். என் முழங்கைக்காகத்தான் ஒட்டினாள் என்று நம்ப முயன்றேன்.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் கோச்சடையில் இருக்கிறோம். அதற்கு முன்னால் கோயிலைச் சுற்றியிருக்கும் வீதி ஒன்றில் இருந்த குடும்பம். எங்கள் வீட்டில் வெளியில் தண்ணீர் வாங்கிக் குடிக்கும் வழக்கம் கிடையாது. தாத்தா காலத்தில் அதற்கு ஒரு காரணம் இருந்தது. அதை இப்போது யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. அம்மா காலத்தில் அது காய்ச்சல் பயமாக மாறியது. என் காலத்தில் மைக்ரோபயாலஜி ஆனது. சொம்பை வாங்காமல் பின்னுக்குப் போகும் கை மட்டும் அதே கைதான். அம்மா சீரகம் போட்டுக் கொதிக்கவைத்து ஆற்றிய தண்ணீரை எவர்சில்வர் பாட்டிலில் ஊற்றிக் கொடுப்பாள். பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து அந்தப் பாட்டில் இல்லாமல் நான் வாசலைத் தாண்டியதில்லை.

அவள் முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்த அன்று வழக்கம்போலத் தண்ணீர் கேட்டாள். அம்மா சீரகத் தண்ணீரைக் கொடுத்தாள். குடித்துவிட்டு, "என்ன ஆன்ட்டி, தண்ணி கசாயம் மாதிரி இருக்கு? நெஜத் தண்ணி இல்லையா?" என்றாள். அம்மாவுக்குக் கோபம் வரப்போகிறது என்று நினைத்தேன். அம்மா கலகலவென்று சிரித்தாள். பின்பக்கம் போய்ச் செடிக்கு ஊற்றும் குழாயைத் திறந்து, பச்சைத் தண்ணீர் ஒரு டம்ளர் பிடித்து வந்து அவள் கையில் கொடுத்தாள். இத்தனை வருஷத்தில் எனக்கு அந்தக் குழாயில் வாய் கொப்பளிக்கக்கூட அனுமதி கிடைத்ததில்லை. அதற்குப் பிறகு நான் வேலையிலிருந்து வந்ததும் அம்மா கேட்கும் முதல் கேள்வி, "அந்தப் பொண்ணு வரலையா?" என்பதுதான்.

அவள் இப்படிக் குடிப்பதைத் தைரியம் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எல்லோருக்கும் பிடித்தவளாக இருக்க வேண்டும் என்ற பேராசை அது. கண்ட தண்ணீரையும் குடித்தாவது பிடித்தவளாகிவிட வேண்டும். சௌராஷ்டிர வீட்டுப் பெண்; தன் அம்மாவோடு போனில் பேசும்போது எனக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனால் புரியாத மொழியிலும் அவள் யாரையோ கொஞ்சிக்கொண்டிருக்கிறாள் என்பது மட்டும் புரியும். இப்படியெல்லாம் நினைப்பது பொறாமைதான். பொறாமை என்றே எழுதிக்கொள்கிறேன்.

திருமங்கலம் போகும் வழியில் நான்குவழிச் சாலையை ஒட்டி ஒரு கம்மங்கூழ்க் கடை. தகரக் கூரை, ஒரு அண்டா, மோர்மிளகாய், சின்ன வெங்காயம், நறுக்கிய மாங்காய். நடத்தியது ஒரு அக்கா. வயது ஐம்பதுக்குள் இருக்கும். கடைக்குப் பின்னால் ஒரு தரைத்தொட்டி. அந்தப் பக்கமெல்லாம் போர்த் தண்ணீர் உப்புக் கரிக்கும். அக்கா தொட்டிக்கு மட்டும் பஞ்சாயத்துக் குழாயில் நல்ல தண்ணீர் வந்தது. அக்காவுக்கு அதில் பெருமை. லாரிக்காரர்கள் கூழுக்கு வந்துவிட்டுக் கேனிலும் தண்ணீர் பிடித்துப் போவார்கள். அவளோடு அங்கே போன அன்று, குழாய் சாக்கடைக்குள் கிடந்து வருவதை நான் ஸ்கூட்டியிலிருந்து இறங்கும்போதே பார்த்துவிட்டேன்.

அக்கா இரண்டு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். என்னோடு வந்தவள் ஒன்றை வாங்கிக் குடித்தாள். நான் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, "வேணாம்க்கா, எங்கிட்ட இருக்கு" என்று பாட்டிலை எடுத்தேன்.

அக்கா முகம் மாறியது. "ஏன், எங்க சொம்புல வாய வச்சா ஆகாதோ?"

"அய்யோ அதெல்லாம் இல்லக்கா. கிருமி இருக்கும்னுதான்…"

இதைவிட மோசமான பதிலை நான் உட்கார்ந்து யோசித்திருந்தாலும் கண்டுபிடித்திருக்க முடியாது. நான் சொன்னது உண்மை. அந்தக் கூரைக்குக் கீழே அந்த உண்மைக்குச் சல்லிக்காசு மதிப்பில்லை.

"கிருமியா? எந்தண்ணியிலயா?" அக்கா சொம்பைத் தரையில் கவிழ்த்தாள். பிறகு நாங்கள் மாதிரி கேட்டபோது என் பாட்டிலைக் காட்டிச் சொன்னாள். "அதான் கையிலயே வச்சிருக்கீகள்ல, ஒங்க பாட்டில்லயே டெஸ்ட் பண்ணிக்கங்க."

கூழ் குடித்துக்கொண்டிருந்த லாரி டிரைவர் சிரித்ததில் அவருக்குப் புரையேறிவிட்டது. அக்கா அவளை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "நீ தனியா வாடி, கூழு தாரேன். இந்தம்மாவ எங்குட்டும் கூட்டியாராத" என்றாள். என் காதில் விழும்படியேதான் சொன்னாள்.

அதற்குப் பிறகு அவள் பஸ் ஏறி அடிக்கடி அந்தக் கடைக்குப் போய் வந்தாள். "சாம்பிள் கேட்டியா?" என்று கேட்பேன். "இன்னும் கேக்கல. கேக்க ஒரு மாதிரியா இருக்கு" என்பாள். ஊரெல்லாம் கேட்பவளுக்கு அங்கே மட்டும் கேட்க முடியவில்லை. அந்த அளவுக்கு ஒட்டிக்கொண்டார்கள்.

எனக்கோ அந்தத் தண்ணீர்தான் வேண்டியிருந்தது. அதுவரைக்கும் நாங்கள் வெளியில் பிடித்த தண்ணீருக்கெல்லாம் பெட்டி பச்சையே காட்டியது. பல்லித் தொட்டிக்கும் பச்சைதான், தட்டிலும் சாக்கடைக் கிருமி வளரவில்லை. ஆய்வுக்கூடத்தில் நாங்களே கிருமியைக் கலந்து வைத்தால் சிவப்பு காட்டும். திட்டத்துக்குப் பணம் கொடுத்தவர்கள் பார்வையிட வந்தபோது ஒருவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார். "வெளியில போய் ஒரு தடவையாவது சிவப்பு காட்டியிருக்கா? பச்சை காட்டுறதுக்குப் பெட்டி எதுக்கு, ஒரு பச்சை பல்பு போதுமே?" அடுத்த முறை அவர்கள் பார்வையிட வருவதற்குள் வெளியில் ஒரு சிவப்பு வேண்டும், இல்லையென்றால் திட்டம் அவ்வளவுதான் என்று சார் சொல்லிவிட்டார். என் பட்டை அதோடு முடிந்துபோகும். அக்கா தொட்டியில் அந்தச் சிவப்பு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். போக முடியாது. போகக்கூடியவள் கேட்க மாட்டேன் என்கிறாள்.

அப்போதுதான் அவளுக்கு மஞ்சள் காமாலை வந்தது.

பார்க்கப் போனேன். கண்ணெல்லாம் மஞ்சள். கட்டிலில் பாதி ஆளாகச் சுருண்டிருந்தாள். அப்போதும் வீடு நிறைய ஆள். மண்டபத்துச் சமையல்காரர் கீழாநெல்லியோடு வந்திருந்தார். கோவக்கார அண்ணன் இளநீர்க் குலையையே இறக்கியிருந்தார். எனக்கு உட்கார இடமில்லை. கூட்டம் கலைந்த பிறகு கேட்டேன்.

"எந்தத் தண்ணின்னு தெரியுதாடி?"

"கேக்காத. சொல்ல மாட்டேன்."

"தெரியாதா?"

"தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன்." என் பக்கம் புரண்டு படுத்தாள். பிறகு, "வெயில்ல வந்திருப்ப, ஒம்பாட்டில எடுத்துக் குடி" என்றாள். கிண்டல் இல்லை. என் பாட்டிலை யாராவது மதித்தார்கள் என்றால் அது அவள் மட்டும்தான். அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

அவளுக்குக் காமாலை என்ற செய்தி பரவியதும் நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. ஆய்வுக்கூடத்துக்கு ஆட்கள் தண்ணீரோடு வர ஆரம்பித்தார்கள். எண்ணெய் கேனில், ஊறுகாய் பாட்டிலில், பிராந்தி பாட்டிலில், பிள்ளைகளின் ஸ்கூல் பாட்டிலில். எல்லோருக்கும் ஒரே கேள்விதான். "அந்தப் புள்ளைக்கு எங்க தண்ணியாலதான் வந்துச்சா?" நான் கடிதத்தோடு போனபோது ஷட்டரை இறக்கியவரும் ஒரு கேனோடு வந்தார். மாசக்கணக்கில் நான் கெஞ்சியும் கிடைக்காத தண்ணீரெல்லாம் அவள் படுத்த ஒரே வாரத்தில் என் மேசைக்கு வந்து சேர்ந்தது. நோயில் விழுந்துகூட என்னை ஜெயித்தாள்.

ஆனால் ஒன்றும் உதவவில்லை. கழுவாத பாட்டிலில் வந்த தண்ணீரை எந்தக் கணக்கில் சேர்ப்பது? ஊறுகாய் பாட்டிலில் ஊறுகாயின் கிருமிதான் வளரும். ஒரு அம்மா பெரிய தூக்குச்சட்டியைப் பத்திரமாகக் கொண்டுவந்து வைத்தார். மூடியைத் திறந்தால் ஆவி.

"காய்ச்சிக் கொண்டாந்திருக்கீங்களா?"

"பின்ன? காலேசுக்குக் கொண்டாரோம், சுத்தமா கொண்டார வேணாமா?"

மறுபடி போய்க் காய்ச்சாததைக் கொண்டுவரும்படி சொன்னேன். "அந்தப் புள்ளையா இருந்தா வாங்கிக்கிட்டிருக்கும்" என்று சொல்லிவிட்டுத் தூக்கைத் தூக்கிக்கொண்டு போனார்.

கூழ்க்கடை அக்கா மட்டும் வரவில்லை. அவளுக்குச் செய்தி தெரியாது. நான்தான் போக வேண்டும். பெட்டியையும் சுத்தமான பாட்டிலையும் எடுத்துக்கொண்டேன். என் எவர்சில்வர் பாட்டிலை வீட்டிலேயே வைத்துவிட்டேன். வழியெல்லாம் முடிவு செய்துகொண்டே போனேன்: சொம்பைக் கொடுத்தால் வாங்குவேன், கண்ணை மூடிக்கொண்டு குடிப்பேன். அவளால் முடியும் என்றால் என்னாலும் முடியும்.

அக்கா என் முகத்தைப் பார்த்ததும் திரும்பி அண்டாவைக் கிண்டினாள். "அவ வரலையா?"

"அவளுக்கு முடியலக்கா. மஞ்சக்காமாலை."

கிண்டுவது நின்றது. நான் சட்டென்று, "தாகமா இருக்குக்கா, ஒரு சொம்பு தண்ணி குடுங்க" என்றேன். பாடம் ஒப்பிப்பதைப் போல அவளுடைய வார்த்தைகளையே சொன்னேன். அக்கா எங்கேயோ பார்த்துக்கொண்டே சொம்பில் மொண்டு நீட்டினாள். வாங்கி வாய்க்குக் கொண்டுபோனேன். பாதியில் அக்கா சொம்பைப் பிடுங்கினாள். தண்ணீர் இரண்டு பேர் மேலும் கொட்டியது.

"வேணாம், குடிக்காதீக. பெட்டிய எடுங்க. அந்தப் பெட்டியில மொதல்ல போட்டுப் பாருங்க."

இந்த வேலையை நான் ஆரம்பித்த நாளிலிருந்து யாராவது ஒருவர் இப்படிச் சொல்ல வேண்டும் என்றுதான் காத்திருந்தேன். சொன்னாள். ஆனால் எனக்காகச் சொல்லவில்லை, பெட்டிக்காகவும் சொல்லவில்லை. அவளுக்காகச் சொன்னாள்.

தொட்டியில் நானே பாட்டிலை முக்கி எடுத்தேன். வடிகட்டினேன், சொட்டுவிட்டேன், செருகினேன். அந்த இருபது நிமிஷமும் அக்கா யாருக்கும் கூழ் ஊற்றவில்லை. வந்தவர்களை "இல்லப்பா, போங்க" என்று அனுப்பினாள். முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு பெட்டியையே பார்த்தாள். நானும் பார்த்தேன். எனக்குச் சிவப்பு வேண்டும், அக்காவுக்குப் பச்சை வேண்டும்.

சிவப்பு எரிந்தது.

மனசுக்குள் துள்ளினேன், பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? அதே நேரம் அக்கா அண்டாவை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக் கூழை மொத்தமாகச் சாக்கடையில் கவிழ்த்தாள். மோர்மிளகாய்த் தட்டையும் விடவில்லை. பிறகு காலி அண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள்.

"அம்புட்டு ஆசையா குடிப்பாளே. நல்லாருக்குக்கா, நல்லாருக்குக்கான்னு குடிப்பாளே. நானே ஊத்திக் குடுத்திருக்கேனே."

காமாலைக் கிருமி வேறு, இந்தப் பெட்டி பார்க்கும் கிருமி வேறு. இந்தத் தண்ணீரால்தான் வந்தது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. அவள் குடிக்காத தண்ணீரே மதுரையில் கிடையாது. எல்லாம் சொன்னேன். ஒன்றும் அக்கா காதில் ஏறவில்லை. கடைசியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒன்று மட்டும் கேட்டாள். "அவகிட்ட சொல்லிறாதீக."

சொல்ல மாட்டேன் என்றேன். மறுநாள் ஆய்வுக்கூடத்துத் தட்டிலும் அதே கிருமி வளர்ந்திருந்தது. அந்த மாதிரிக்கு எண் மட்டும் போட்டேன். முதல்முறையாக ஒரு எண் எனக்கு மறக்கவே இல்லை. திட்டம் பிழைத்தது, பெட்டிக்குச் சிவப்பும் தெரியும் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

அவள் உடம்பு தேறி எழுந்தாள். ஆனால் வீட்டில் இந்த வேலைக்கு மறுபடி விடவில்லை. கல்யாணமாகி இப்போது சூரத்தில் இருக்கிறாள். ஒரு பால் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. முன்னோர்கள் புறப்பட்டு வந்த பக்கத்துக்கே திரும்பப் போயிருக்கிறாள். ஆனால் இவள் வீட்டுப் பேச்சு அங்கே யாருக்கும் புரியவில்லையாம். தண்ணீருக்கு மட்டும் ஏறக்குறைய ஒரே சொல்தான், அது போதும் என்று போனில் சிரித்தாள். போதும்தான் அவளுக்கு. அங்கே போன ஆறு மாசத்துக்குள் அந்தத் தெருவில் பாதி வீடு பழக்கமாகியிருக்கும். "ஆனா ஒண்ணுடி, அந்தக் கூழ்க்கடை அக்கா தண்ணி மாதிரி இங்க எங்கயும் இல்ல" என்றாள். "ஆமா" என்றேன். அந்தத் தண்ணீர் சிவப்பு காட்டியது அவளுக்குத் தெரியாது; அவளைவிட எனக்குக் கூடுதலாகத் தெரிந்தது இது ஒன்றுதான். அதை நான் யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்.

அந்தச் சிவப்புக்குப் பிறகு அக்கா கடையைச் சாத்தினாள். பஞ்சாயத்தில் போய் நின்று சண்டை போட்டு, சாக்கடைக்குள் கிடந்த குழாயை மேலே தூக்கிப் போடவைத்தாள். தொட்டியைக் கழுவி பிளீச்சிங் பவுடர் போட்டாள். உடனே வரும்படி போன் செய்தாள். நான் பொறுக்கச் சொன்னேன். என் பட்டை செத்த கிருமியையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். தொட்டியை மறுபடி கழுவிப் புதுத் தண்ணீர் நிரம்பட்டும் என்று காத்திருந்து போனேன்.

பெட்டியைச் செருகிவிட்டு உட்கார்ந்தோம். நல்ல வெயில். இந்த முறை நிஜமாகவே தாகம். சொம்பு நிறையத் தண்ணீர் அக்கா கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. "குடுங்கக்கா" என்று கையை நீட்டினேன். அக்கா சொம்பைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

"பெட்டி சொல்லட்டும்."

"பச்சைதான்க்கா வரும். கொழாய மாத்தியாச்சு, தொட்டியக் கழுவியாச்சு. குடுங்க."

"அவளுக்கு அப்பிடிக் குடுத்துத்தான் நான் பட்டேன். ஒனக்கும் ஒண்ணு ஆச்சுன்னா நான் எங்க போயிச் சொல்லுவேன்?"

பெட்டி சொல்வதற்கு முன்னால் அந்தச் சொம்பு என் கைக்கு வர வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை. அவளுக்கு அப்படித்தான் கிடைத்தது. எனக்கு இனி எந்த நாளும் அப்படிக் கிடைக்காது. கிடைக்காமல் செய்தது நான் செய்த பெட்டிதான். சொம்பைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

பச்சை எரிந்தது. அக்கா அந்த விளக்கை நன்றாகக் குனிந்து பார்த்துவிட்டுச் சொம்பை நீட்டினாள். வாங்கி அண்ணாந்து குடித்தேன். எனக்கு அண்ணாந்து குடித்துப் பழக்கமில்லை. மூக்கில் ஏறியது, கழுத்து வழியாக இறங்கியது, துப்பட்டா நனைந்தது. தண்ணீர் இனிப்பாகத்தான் இருந்தது. நிறுத்தாமல் குடித்து முடித்துச் சொம்பைக் கவிழ்த்துக் காட்டினேன்.

"நல்லாருக்குக்கா" என்றேன் மூச்சு வாங்க.

அக்கா முந்தானையால் என் கழுத்தைத் துடைத்துவிட்டாள். "மெல்லக் குடிடி, மேலெல்லாம் ஊத்திக்கிட்டு. அவ குடிச்சா ஒரு சொட்டு சிந்தாது."

"இன்னொரு சொம்பு குடுங்க" என்றேன்.